தட்ட வேண்டாம், கேளுங்கோ

என் அன்புச் சண்டைக்கார அண்ணைக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த முதல் குளிர்காலம் முடிகிறது. சுகமா என்று கேட்க ஏலாது, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் படிப்பித்த மெய்யியல் துறையை மூடப் போகிறார்கள். கீழ்மாடியில் இருக்கும் என் வரலாற்றுத் துறை இன்னும் எத்தனை நாளைக்கோ?

நேற்றுப் பெரிய மண்டபத்தில் பல்கலைக்கழகத் தலைவர் பேசினார். "சமூகத்துக்குப் பயன்படும் படிப்புக்கே இனி இடம்" என்றார். பிள்ளைகளிடம் புதிதாகக் கட்டணமும் வாங்கத் தொடங்கிவிட்டு, எது பயன் என்பதையும் அவரே முடிவு செய்கிறார். என்ன துணிவு பாருங்கோ!

எனக்கு வயிறு எரிந்தது அதற்குப் பிறகுதான். அவர் பேசி முடித்ததும் மண்டபம் முழுக்க மேசையில் தட்டினார்கள். எதிர்க்க வந்த பிள்ளைகளே தட்டினார்கள், பதாகையை மடியில் வைத்துக்கொண்டு! விரிவுரை முடிந்தால் இங்கே விரல் மூட்டால் மேசையில் தட்டித்தானே பாராட்டுவார்கள். பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. "உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று சிரித்தபடி இறங்கிப் போனார் மனுஷன்.

வெளியே உங்கள் மாணவி ஹன்னா அழுதுகொண்டு நின்றாள். "உங்கள் அண்ணன் இருந்திருந்தால் எங்களை ஏசியிருப்பார்" என்றாள். ஓம், நல்லாய் ஏசியிருப்பார் என்றேன். பிறகு எனக்கும் அழுகை வந்துவிட்டது.

உங்கள் முதல் விரிவுரை நினைவிருக்கிறதா? அவர்கள் தட்டிய சத்தத்தில் பயந்து, பையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்தீர்களே! "தங்கச்சி, என்னைத் துரத்துறாங்கள்!" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். விஷயம் விளங்கிய பிறகும் உங்களுக்கு அந்தத் தட்டல் பிடிக்கவில்லை. அடுத்த கிழமை வந்து சொன்னீர்கள்: "வகுப்பில சொல்லிப்போட்டன். தட்ட வேண்டாம், கேள்வி கேளுங்கோ எண்டு."

இந்த நாட்டில் ஒரு காலத்தில் புத்தகங்களை நெருப்பில் போட்டவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள்தான்; பேராசிரியர்களும் கூட நின்றார்கள். அதை நான் ஒவ்வொரு ஆண்டும் படிப்பிக்கிறேன். நூலகம் எரிந்த ஊரிலிருந்து வந்த நான் அதைச் சொல்லும்போது பிள்ளைகள் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். இதெல்லாம் தெரிந்த நாடு, கேள்வி கேட்கப் பழக்கும் வகுப்பையே மூடுகிறதே, இவர்களை என்ன செய்வது அண்ணை?

உங்கள் துறையை மூடுவதா என்று வியாழக்கிழமை பல்கலைக்கழக ஆட்சிமன்றம் வாக்களிக்கிறது. அதற்கு முன் தலைவர் மறுபடியும் பேசுவாராம். பிள்ளைகளும் நானும் பேசி வைத்திருக்கிறோம்: ஒரு விரல்கூட மேசையில் படாது. அவர் முடித்ததும் முதலில் நான் எழும்பி, "யாருக்குப் பயன்?" என்று கேட்பேன். பதில் வரும்வரை திரும்ப உட்கார மாட்டேன். என் ஒப்பந்தம் கோடையோடு முடிகிறது. எழும்பினால் நீட்ட மாட்டார்கள் என்று தெரியும்.

துரத்தட்டும். பையைத் தூக்கிக்கொண்டு நான் ஓடமாட்டேன், அண்ணை.

உங்களைப் போலவே வாய் அடங்காத
உங்கள் தங்கச்சி