திங்கட்கிழமைக்குத் திரும்பிய இயந்திரம்

மார்ச் 3, திங்கள்

எங்கள் கணினிப் பிரிவு வீபெக்கே ஆர்ஹூஸ் நகரில் இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போய் ஞானம் பெற்று வந்திருக்கிறாள். நகராட்சியின் பயனர் பட்டியலையும் பொதுக் கோப்புகளையும் இனி ‘கன்டெய்னர்’ என்கிற மென்பொருள் டப்பாவில் ஓட்ட வேண்டுமாம். யார் எந்தக் கோப்புறையைத் திறக்கலாம் என்று தீர்மானிக்கிற பட்டியல் அது! நினைத்தால் எழுப்பி, நினைத்தால் தூக்கி எறிகிற டப்பாவிலா வைப்பது? என் மெய்நிகர் இயந்திரம் முழுக் கணினி. அதன் அன்றைய நிலையை அப்படியே படம் பிடித்து வைத்தால் எப்போது வேண்டுமானாலும் அந்த நாளுக்கே திரும்பலாம். பதினொரு வருடமாக ஓடுகிறது. இவளுக்கு என்ன அரிப்பு?

மார்ச் 6, வியாழன்

அவளுடைய சோதனை டப்பாவை மறுபடி எழுப்பியதும் கோப்புறை அனுமதிகள் மொத்தமும் காலி. ரை ரொட்டி தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சிரித்தேன்.

"சிரி, சிரி. அனுமதியை வெளியில சேமிக்க மறந்தது நான்தான். கன்டெய்னர் என்ன பண்ணும்?" என்றாள்.

சப்பைக்கட்டு.

மார்ச் 12, புதன்

குடும்ப நலப் பிரிவிலிருந்து டோர்த்தெ வந்தார். அங்கே வேலை பார்க்கும் பிரெபனுக்குப் பயந்து அவன் மனைவி இரண்டு பிள்ளைகளோடு காப்பகத்தில் ஒளிந்திருக்கிறாளாம். அந்தப் பிரிவின் கோப்புகள் இனி அவனுக்குத் திறக்கக் கூடாது. பெயரை நீக்கினேன். இரண்டு நிமிட வேலை.

மார்ச் 14, வெள்ளி

காலையில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பு பட்டியல் இயந்திரத்தைக் கவிழ்த்தது. யாராலும் கணினிக்குள் நுழைய முடியவில்லை. திங்கட்கிழமை பிடித்த படத்துக்குத் திரும்பினேன். நாலே நிமிடம்! டப்பாக்காரி பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

"பட்டியலையேவா பின்னாடி தள்ளின? ஆஸ்கெர், திங்களுக்கு அப்புறம் மாத்தினதெல்லாம் என்னாச்சுன்னு பாத்தியா?"

வீபெக்கேவுக்கு வயிற்றெரிச்சல். நான் பார்க்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

பிரெபனின் பெயர் பட்டியலில் இருக்கிறது. என் கையால் நீக்கிய பெயர் — நானே திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். வெள்ளி பகல் 1.40க்கு, காப்பக விலாசம் உள்ள மனைவியின் கோப்பைத் திறந்திருக்கிறான். சனிக்கிழமை காப்பகத்தின் வாசலில் நின்றிருக்கிறான். போலீஸ் வந்து இழுத்துப் போனது. சின்னப் பிள்ளை அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை என்றார் டோர்த்தெ.

அவ கேட்டாளே, பாத்தியான்னு. பாக்கறதுக்கு என்னடா கேடு உனக்கு? முட்டாப்பயலே!

வீபெக்கே சிரித்தாவது இருக்கலாம்.

மார்ச் 20, வியாழன்

தாயையும் பிள்ளைகளையும் வேறு ஊருக்கு மாற்றியாயிற்று. புதிய விலாசத்துக்கென்று தனிக் கோப்புறை, டோர்த்தெக்கு மட்டும் அனுமதி, எல்லாம் தயார் செய்து அவரிடம் போய்ச் சொன்னேன்.

"வேண்டாங்க," என்றார். "பேப்பர்ல எழுதி என் பையில வெச்சிருக்கேன்."