பனியாறு கீறிய மூன்று கோடுகள்

அனுப்புநர்:
திருமதி பிரியந்தி ஆனந்தராசா,
பியர்பொன்ட்ஸ், மொன்றியல்.

பெறுநர்:
பராமரிப்புப் பொறுப்பதிகாரி அவர்கள்,
பெருங்கல் காட்டுப் பூங்கா,
சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ அருகில்.

பொருள்: நடைபாதையிலுள்ள பெரிய கல்லை மணல் வீசித் துப்புரவு செய்யும் வேலையை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பூங்காவின் நடைபாதை, மரப்பாலத்தைத் தாண்டியதும் ஒரு கல்லைச் சுற்றி வளைகிறது. கார்க் கொட்டகை அளவான கல். "இனந்தெரியாதோர் இக்கல்லில் கீறிய மூன்று வெள்ளைக் கோடுகள்" வரும் புதன்கிழமை மணல் வீசும் இயந்திரத்தால் அகற்றப்படும் என்றும், கல்லடியிலுள்ள பெட்டியும் எடுக்கப்படும் என்றும் அங்கே அறிவித்தல் ஒட்டியுள்ளீர்கள். அந்தக் கோடுகளை எவரும் கீறவில்லை என்பதைப் பணிவுடன் அறியத்தருகிறேன். அவற்றில் வெள்ளையைப் பூசியவரும் இனந்தெரியாதவர் அல்லர். அவர் என் கணவர்.

2. அந்தப் பெட்டி ஜியோகாஷிங் விளையாட்டுக்கு உரியது. ஒருவர் காட்டில் ஒரு சிறு பெட்டியை ஒளித்துவிட்டு, இடத்தின் குறியை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துத் தேடிப் பிடித்து, உள்ளே பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். இதை ஒளித்தவர் எங்கள் வீதியில் வசிக்கும் பற்றிக் என்ற தமிழர். ஞாயிற்றுக்கிழமைகளில் சோபாவை விட்டு எழும்பாத என் கணவர் ஆனந்தராசாவைக் காடு மேடெல்லாம் நடக்கவைத்த புண்ணியம் இவரையே சாரும்.

3. கடந்த வைகாசியில் நாங்கள் இந்தப் பெட்டியைத் தேடிப் போனோம். என் கணவர் பெட்டியைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தார். அதன் முகப்பில் ஒரே சீராக மூன்று குறுக்குக் கோடுகள். "ஆரோ எங்கட ஆக்கள் திருநீறு பூசியிருக்கினம், மழைக்குக் கழுவுப்பட்டுப் போச்சு" என்றார். பணப்பையில் எப்போதும் வைத்திருக்கும் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, மூன்று கோட்டையும் நிரப்பினார். வேறு எந்த நாட்டவருக்கும் இப்படியொரு பிழை விட வராது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

4. அடுத்து வந்த தமிழர்கள் மேலும் திருநீறு பூசிப் பூ வைத்தார்கள். அதற்கடுத்து வந்தவர்கள் தேங்காய் உடைத்தார்கள். ஆவணி பிறக்கும்போது கல்லடியில் கர்ப்பூரக் கரி. தேங்காய்க்கு அணில்களும், அணில்களுக்கு நரியும் வந்தன. பற்றிக் வீட்டுக்கே வந்து, "அண்ணை, நான் பெட்டியைத்தான் ஒளிச்சனான். நீங்கள் கோயிலையே கட்டிப்போட்டியள்" என்றார். காட்டில் நெருப்பு வைப்பது குற்றம். அதில் தங்கள் கோபம் நியாயமானது.

5. எங்களோடு கல்லைப் பார்க்க வந்தபோது கோடுகளைப் பற்றிய உண்மையைச் சொன்னவர், சென்ட்-ஆனில் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் சாருஜா. "அப்பா, அது திருநீறு இல்லை. ஐஸ் இழுத்த கோடு" என்றார். இங்கே ஒரு காலம் கிலோமீற்றர் கணக்கான உயரத்துக்குப் பனி கிடந்ததாம். மொன்ட் றோயல் மலையே அதற்கடியில் அமிழ்ந்து கிடந்ததாம். நான் கல்லடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு உயரமும் இப்போது வெறும் ஆகாயம். அந்தப் பனி சும்மா கிடக்கவும் இல்லை, ஆறு போல நகர்ந்திருக்கிறது. வடக்கே மலையிலிருந்து இந்தக் கல்லைப் பெயர்த்து, வேறு பாறைகளில் உரசி உரசி இழுத்து வந்து இவ்விடத்தில் விட்டுவிட்டு உருகிப்போயிற்று. பின்னர் கடல் வந்து மூடியது. கடலும் போனது. பாதை வெட்டியபோதுதான் களிமண்ணுக்குள்ளிருந்து கல் வெளியே வந்தது. பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை இது.

நான் நடுக்கோட்டில் விரலை வைத்தேன். அதற்கென்றே செய்தது போல விரல் உள்ளே பொருந்தி, கல்லின் ஓரம்வரை வழுக்கிக்கொண்டு போயிற்று. எனக்கு உடம்பு புல்லரித்தது. இருபது வருடமாக வாசலில் பனி அள்ளி, பனியைத் திட்டித் திட்டியே வாழும் நான், அன்றுதான் பனியை நினைத்து வியந்தேன். என் கணவரும் கோடுகளில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "எனக்கு முதலே ஒருத்தர் பூசியிருக்கிறார்தானே" என்றார். அவர் யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

6. மணல் வீசினால் வெள்ளையோடு கல்லின் மேல்தோலும் போய்விடும், கோடுகள் மிஞ்சாது என்று சாருஜா சொல்கிறார். தன் ஒரு சிட்டிகைத் திருநீற்றால் இது அழியப்போகிறது என்ற எண்ணத்தில் என் கணவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. பற்றிக் பெட்டியை ஒளித்த அன்று எடுத்த படத்தை இணைத்துள்ளேன். அதில் கல்லில் வெள்ளை இல்லை, கோடுகள் இருக்கின்றன.

7. பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் சாருஜாவே செய்து இணைத்துள்ளார். அதில் "அதிகாரிக்கு இதெல்லாம் தேவையில்லை, அம்மா" என்று ஐந்தாம் பந்தியை விட்டுவிட்டார். தேவை என்றே நான் கருதுகிறேன். ஆகவே தமிழ் மனுவையும் தயவுசெய்து யாரிடமாவது கொடுத்து வாசித்துக் கேட்கவும்.

8. தேங்காயும் கர்ப்பூரமும் வேண்டாம் என்று எங்கள் ஆட்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையைக் கோயிலிலும் கடைகளிலும் நாங்கள் தொடங்கிவிட்டோம். பற்றிக் தன் பெட்டியை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார். தங்களிடம் கேட்பது ஒன்றே. புதன்கிழமை காலை தாங்களும் நேரில் வரவேண்டும். நாங்கள் ஒரு வாளி தண்ணீரும் பருத்தித் துணியும் கொண்டு கல்லடியில் நிற்போம். பூசிய திருநீற்றைத் துடைப்பது என் கணவருக்கு இலேசான காரியம் அல்ல. ஆனாலும் தன் கையாலேயே துடைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் துடைத்து முடித்தபின் கல்லில் மிஞ்சியிருப்பதை ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள். அதன் பிறகும் அழிக்க மனம் வந்தால், இயந்திரத்தை இயக்குமாறு கூறுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) பிரியந்தி ஆனந்தராசா

இடம்: பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
திகதி: 9 ஒக்டோபர் 2025