எங்கள் பக்கம் பச்சை

நாள் 338. 08:10

தென்முனைத் தளம், நிலா. எழுதுபவர் அமலோற்பவம், தொலைபேசி மற்றும் கணினிப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான்.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. தளத்தில் ஆள் ஒன்று. பழைய குழு போன வாரம் பூமிக்குத் திரும்பியது, புதிய குழு வர இன்னும் இருபது நாள். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், பனிச் சுரங்கத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவர் தங்கப்பாண்டி. நாளை 14:00 மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு இங்கே கிளம்புகிறார்கள். திறந்த வண்டி, மூன்று மணி நேரப் பயணம்.

எங்களையும் சுரங்கத்தையும் இணைக்கும் ரிலே செயற்கைக்கோள் நேற்று முதல் பேசவில்லை. பூமியோடு இங்கிருந்து நேரே பேசலாம், பள்ளத்துக்குள் இருக்கும் சுரங்கத்திலிருந்து அதுவும் முடியாது. நடுவில் சுவர் நிற்பதால் ரேடியோ எட்டாது. மிச்சம் இருப்பது பாறைக்குள் போட்ட தொலைபேசிக் கேபிள். பழைய காலத்து டிஜிட்டல் லைன், ஒரே கம்பியில் முப்பது குரல் போகும். அதற்கான கார்டு இங்கே கணினிக்குள் இருக்கிறது. போன வாரம் தலைமையகம் பூமியில் உட்கார்ந்தபடியே அந்தக் கணினியின் கர்னலைப் புதுப்பித்தது. கர்னல் கணினியின் அடித்தளம். டிரைவர் அதற்கும் கார்டுக்கும் நடுவே நின்று பேசிவைக்கும் தரகன். கர்னலை மாற்றிய புண்ணியவான்கள் டிரைவரை மாற்றவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கார்டு செத்துக் கிடக்கிறது.

ஆற அமரப் பார்க்கலாம்.

338. 11:25

தலைமையகச் செய்தி:

"சூரியப் புயல் உறுதி. நாள் 339, 15:10 மணிக்குத் தங்கள் பகுதியை எட்டும். வெளியில் இருப்போர் உயிர் பிழைக்க வாய்ப்பில்லை. அனைவருக்கும் தெரிவித்து உறுதி செய்யவும். — ரகோத்தமன், இயக்கப் பிரிவு."

எதை வைத்துத் தெரிவிப்பது? கையைத் தட்டியா? 15:10க்கு அந்த ஐந்து பேரும் நட்டநடு வெட்டவெளியில் இருப்பார்கள்.

நேரில் போகலாம் என்றால் சின்ன வண்டியின் பேட்டரி காலி. ஆள் குறைவான நாட்களில் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. அதுவும் ரகோத்தமன்தான். இப்போது போட்டிருக்கிறேன், நாளை 14:00க்கு முன்னால் நிறையாது. ஆக டிரைவர்தான் வழி.

338. 14:40

டிரைவரின் மூலநிரல் பழைய வட்டில் கிடைத்தது. புதிய கர்னலுக்கு கம்பைல் செய்தேன். நாற்பத்தேழு பிழைகள். டிரைவர் நம்பியிருந்த வேலைகளில் பாதியைக் கர்னல் பெயர் மாற்றிவிட்டது, மீதியைத் தூக்கியே விட்டது.

பழைய கர்னலைத் திருப்பிப் போட அனுமதி கேட்டேன். பதில்:

"பாதுகாப்புக் காரணங்களால் பழைய கர்னல் நீக்கப்பட்டது. தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. மூன்று வேலை நாட்களுக்குள் நிபுணர் தொடர்புகொள்வார்."

மூன்று வேலை நாள். நாளைக்குச் சாகப்போகிறவர்களுக்கு மூன்று வேலை நாள். நிபுணர் வந்து யாரைத் தொடர்புகொள்வார்?

338. 18:15

முப்பத்தொரு பிழைகளைத் தீர்த்துவிட்டேன். கண் எரிகிறது.

லைனின் பழைய அமைப்பைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது தங்கப்பாண்டியின் சீட்டுக் கட்டு அகப்பட்டது. வண்டி வரும்போதெல்லாம் கொடுத்தனுப்புவார். "அமலி, எங்க பக்கம் லைன் வெளக்கு செவப்பாவே எரியுது தாயி. கொஞ்சம் பாரு." பதினோரு மாதத்தில் ஏழு சீட்டு. ஏழுக்கும் ஒரே பதில்தான் எழுதினேன்: "எங்கள் பக்கம் பச்சை. உங்கள் பக்கம் சரிபார்க்கவும்."

உண்மைதானே. கர்னல் மாறும் வரை இங்கே பச்சைதான் எரிந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரிகூடப் பச்சையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அங்கே ஐந்து பேரில் ஒருவருக்குக்கூடவா ஒரு கனெக்டரைத் துடைத்து மாட்டத் தெரியாது? செயற்கைக்கோள் இருக்கும் தைரியம். இப்போது அவர்கள் சோம்பலுக்கும் சேர்த்து நான் அழுகிறேன்.

339. 06:20

பிழை பூஜ்யம். டிரைவர் கர்னலில் ஏறியது. ஆனால் கார்டு இல்லை என்கிறது. கண் முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறது.

339. 07:35

காரணம் தெரிந்தது. புதிய கர்னலோடு வந்த வேறொரு டிரைவர் நமக்கு முன்னால் ஓடிப்போய்க் கார்டைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. கல்யாணப் பந்தியில் இலை பிடித்துவிட்டுச் சாப்பிடாதவனைப் போல. அதைத் தடைப் பட்டியலில் போட்டுக் கணினியை மறுபடி எழுப்பினேன். கார்டு தெரிந்தது.

அடுத்தது அமைப்புக் கோப்பு. லைனின் இரண்டு முனையும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். அதற்கு ஒரு முனையின் கடிகாரத்தை மறு முனை பின்பற்ற வேண்டும். சுரங்கத்துக் கார்டு தன் கடிகாரத்தில்தான் ஓடும், மாற்ற முடியாது. நான்தான் பின்பற்ற வேண்டும். அவசரத்தில் இங்கேயும் சொந்தக் கடிகாரம் என்று போட்டுவிட்டேன். இரண்டு கடிகாரம் இருந்தால் அவ்வப்போது ஒரு துணுக்குப் பிசகும், காதில் க்ளிக் என்று கேட்கும், அவ்வளவுதான். குரல் போனால் போதும்.

339. 08:42

பச்சை. பச்சை எரிகிறது.

சுரங்கத்து எண்ணைப் போட்டேன். நான் போட்ட அதே நேரத்தில் பக்கத்து மேசைத் தொலைபேசி அடித்தது. அவர்களும் என்னைக் கூப்பிடுகிறார்கள் போல. ஓடிப்போய் எடுத்தேன். பேச்சு இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. யாரோ ஓடிவந்து எடுத்ததுபோல வேகமான மூச்சு.

மூன்று முறை சொன்னேன். "தங்கப்பாண்டி அண்ணே, நான் அமலி பேசுதேன். இன்னைக்குக் கிளம்பாதீய. மூணு மணிக்குப் புயல் வருது. அஞ்சு பேரும் உள்ளயே இருங்க. கேக்குதா?" என் குரலே எதிரொலித்தது. மறுமுனையில் எடுத்திருந்தால் எதிரொலி வரும், இந்தத் தொழிலில் அது நல்ல சகுனம். பதில் குரல் வரவில்லை. அவர்கள் பக்கத்து மைக் கெட்டிருக்கும். எதைத்தான் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள்?

சொல்லியாகிவிட்டது. தலைமையகத்துக்கு "தெரிவிக்கப்பட்டது" என்று அனுப்பினேன். தூங்கப் போகிறேன்.

339. 11:50

எழுந்ததும் பழக்கதோஷத்தில் பிசகுக் கணக்கைப் பார்த்தேன்.

பூஜ்யம்.

மூன்று மணி நேரம் ஓடியிருக்கிறது. இரண்டு கடிகாரம். நிமிடத்துக்கு இரண்டு மூன்றாவது பிசகியிருக்க வேண்டும். உலகத்தில் எந்த இரண்டு கடிகாரமும் இப்படி ஓடாது. பூஜ்யம் என்றால் அந்த லைனில் இருப்பது ஒரே கடிகாரம். என்னுடையது.

அந்த மூச்சு என்னுடையது. நான் போட்ட அழைப்பு எனக்கே திரும்பி வந்து பக்கத்து மேசையில் அடித்திருக்கிறது. எனக்கே நான் புயல் எச்சரிக்கை சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

வழியில் எங்கோ லூப் இருக்கிறது. போகிற சத்தத்தை அப்படியே திருப்பி அனுப்பும் ஒரு கைப்பிடி அளவு பிளக். சோதனைக்கு மாட்டுவது. அந்தச் சுரங்கத்து ஆட்கள்தான் மாட்டிவைத்து மறந்திருப்பார்கள்.

339. 12:25

இல்லை. அவர்கள் முனையில் மாட்டியிருந்தால் அவர்களுக்கும் பச்சை எரிந்திருக்கும். அவர்களுக்குச் சிவப்பு. அப்படியென்றால் நடுவில். நடுவில் இருக்கும் ஒரே இணைப்புப் பெட்டி கேபிள் குகைக்குள், இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். குனிந்து நடக்க வேண்டும். உடை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

யார் மாட்டியது என்று தெரியட்டும். பெயரை இந்தக் குறிப்பில் எழுதாமல் விடமாட்டேன்.

339. 13:22 (பெட்டி அருகே, உடைக்குள் குரல் பதிவு)

முதல் லைனில் பிளக் இருக்கிறது. கழுத்தில் ஒரு சீட்டு கட்டியிருக்கிறது.

"ஆய்வு முடிந்ததும் எடுக்கவும். — அமலோற்பவம்."

339. 14:06

பெயரை எழுதுவேன் என்றேன். அமலோற்பவம்.

பதினோரு மாதத்துக்கு முன் ஆய்வு. அதற்கு முந்தின நாள் லைன் சிவப்பு. கேபிளில் சின்னக் கோளாறு, அதை அடுத்த வாரமே சரி செய்துவிட்டேன். ஆய்வன்று பச்சை தெரிந்தால் போதும் என்று தலைமையகம் சொன்னது. எல்லாத் தளத்திலும் செய்வதுதான், அதிகாரி வரும் நாளில் லூப் போட்டுவிடுவது. போட்டேன். அவர் தலையாட்டினார். நான் கைகழுவினேன். பிறகு ஏழு சீட்டு வந்தது, ஏழு முறை எழுதினேன், எங்கள் பக்கம் பச்சை என்று. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நான் ஒருமுறையாவது திரும்பிப் பார்த்திருக்கலாமே. ரகோத்தமனைத் திட்டிய வாயால் இப்போது எவளைத் திட்டுவது?

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தளத்துக்குத் திரும்பிவிட்டேன். இங்கே பச்சை. பிசகு: 97. ஒவ்வொரு பிசகும் அந்தப் பக்கம் இன்னொரு கடிகாரம் ஓடுகிறது என்று சொல்கிறது. லைன் உண்மையாக உயிரோடு இருக்கிறது.

சுரங்கத்துக்கு அடித்தேன். நாற்பது முறை மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

14:00க்குக் கிளம்புவார்கள். தங்கப்பாண்டி ஒரு நிமிடம் பிந்தியவர் இல்லை.

339. 14:14

இதைத் திறப்பவருக்கு. சின்ன வண்டி நிறைந்துவிட்டது. எதிரே போகிறேன். இங்கிருந்து ஏழாவது கிலோமீட்டரில் பாறைக் குகை ஒன்று இருக்கிறது, ஆறு பேர் ஒண்டலாம். 15:00க்கு அங்கே அவர்களைப் பிடித்துவிட்டால் உள்ளே தள்ளிவிடலாம். அங்கே இல்லை என்றால் மேலே போய்த் தேடுவேன். தலை தப்பினால் தம்பிரான் புண்ணியம்.

பதில் கருவியில் என் குரலைப் பதிந்திருக்கிறேன். யார் அடித்தாலும் அது பேசும்: "நான் அமலி. யாரும் வெளிய வராதீய. மூணு பத்துக்குப் புயல். நான் உங்களத் தேடி வண்டியில வாரேன். ஏழாம் கிலோமீட்டர்ல இல்லன்னா மேலயும் வருவேன்."

லூப்பை மாட்டியது நான். வேறு யார் மீதும் எழுத வேண்டாம்.

339. 14:41 — தானியங்கிப் பதிவு

லைன் 1. உள்வரும் அழைப்பு. மணி பத்து முறை அடித்தது. எடுப்பார் இல்லை. பிசகு: 204. பதிவான குரல்:

"அமலி, தங்கப்பாண்டி பேசுறேன் தாயி. நாங்க இன்னும் கிளம்பல. பின்சக்கரம் சுத்த மாட்டேங்குது, அஞ்சு பேரும் வண்டிக் கொட்டகையிலதான் கெடந்தோம். ஸ்பானர் எடுக்க உள்ள வந்தா வெளக்கு பச்சையா எரியுது. அதான் அடிச்சேன். நீ சொன்னதக் கேட்டுட்டேன். நாங்க வரல தாயி. நீ எதுக்கு வர்ற? திரும்பு."

339. 14:52 — தானியங்கிப் பதிவு

லைன் 1. உள்வரும் அழைப்பு. மணி பத்து முறை அடித்தது. எடுப்பார் இல்லை. பிசகு: 237.

"தாயி, அந்த ஏழாம் கிலோமீட்டர் குகைக்குள்ள போய் நின்னுக்க. மேல வராத. நாங்க ரோட்டுல இல்ல. ரோட்டுல யாருமே இல்ல தாயி."

339. 15:10 — தானியங்கிப் பதிவு

வெளிக் கதிரளவு எல்லை மீறியது. அனைவரும் உள்ளே இருக்கவும்.

339. 17:30 — தானியங்கிப் பதிவு

லைன் 1. உள்வரும் அழைப்பு. மணி பத்து முறை அடித்தது. எடுப்பார் இல்லை. பிசகு: 711.

"அமலி. வந்துட்டியான்னு பாக்கத்தான்."

339. 18:00 — தானியங்கிப் பதிவு

லைன் 1. உள்வரும் அழைப்பு. மணி பத்து முறை அடித்தது. எடுப்பார் இல்லை. பிசகு: 801. இரு முனையும் பச்சை.