கொடுக்கலாம் என்று எழுத வராத கை

என் ஆசை நைனாவுக்கு,

காலை ஏழு மணி ஆகிறது. பக்கவாத வார்டை ஒட்டி எங்களுக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்பது பொய். இந்த இரண்டு வரிக்குள் மூன்று முறை எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன். திருமுல்லைவாயிலில் விடியற்காலை ரயிலைப் பிடித்து ஓடி வந்தவள், எட்டு மணிவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நீ இதே வார்டில் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள், முழங்கால் வலி தவிர. நீ வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியை இடித்துவிட்டார்கள், அடுக்குமாடி வரப்போகிறதாம். இதையெல்லாம் சொல்லவா இந்தக் காலையில் உனக்கு எழுதுகிறேன்? இல்லை. நேற்று நான் ஒரு தப்பு செய்துவிட்டேன், நைனா. அதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பக்கவாதம் வந்தவரால் புரையேறாமல் விழுங்க முடிகிறதா என்று சோதித்துச் சொல்வது என் வேலை. நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "பேசறதுக்கும் முழுங்கறதுக்கும் நாலு வருசம் படிப்பா? துப்பறதுக்கு எப்போம்மா பரீட்சை?" உன் கம்பெனி ஆட்கள் எதிரிலேயே கேட்டு என் மானத்தை வாங்கினாய். பிறகு அவர்களிடமே, "எம் பொண்ணு டாக்டரு மாரிதான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

டாக்டர் மாதிரி எல்லாம் இல்லை என்பதுதான் சிக்கலே. அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. என் போன்றவர்களுக்கு கேஸ் ஷீட்டில் எழுதும் அதிகாரம் கிடையாது. சோதித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்போம். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது சரியென்று பட்டால் அதன்மேல் பேனாவால் எழுதுவார். அதற்குப் பிறகுதான் அது உத்தரவு. அதுவரை வெறும் கிறுக்கல்.

உனக்குப் பக்கவாதம் வந்து இங்கே சேர்த்தபோது ட்யூட்டி டாக்டர் பேனாவில் எழுதியிருந்தார், கஞ்சி கொடுக்கலாம் என்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் ரவுண்ட்ஸ் கிடையாது. நான் உனக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். உன் குரல் கொளகொளவென்று ஆனது. தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்குகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. வாய்வழியாக எதுவும் வேண்டாம் என்று ஓரத்தில் குறித்தேன். பென்சிலால். சொந்த அப்பாவுக்கும் பென்சிலால்.

டாக்டருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். அப்பாவுக்காகச் சலுகை கேட்கிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று ஒரு வறட்டுக் கௌரவம். நர்சிடம் வாயால் சொல்லிவிட்டு, அம்மாவை அழைத்துவர வீட்டுக்குப் போனேன். மதியம் ஆள் மாறியது. புதிதாக வந்தவர் பேனாவில் இருந்ததைப் படித்தார், கஞ்சியைக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் திரும்பி வந்தபோது நீ கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, கோணிய வாயோடு, "சூப்பரா கீதும்மா" என்றாய். சாயங்காலம் காய்ச்சல். ஒரு வாரத்தில் நிமோனியா உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர் எழுதட்டும், எழுதியவர் பொறுப்பேற்கட்டும் என்று நிர்வாகத்துக்கு மனுமேல் மனு போட்டேன். கடைசியில் டாக்டர்கள் குழு ஒன்று என்னைக் கூப்பிட்டது. படிப்பு, பதிவு, அனுபவம் எல்லாம் பார்த்தார்கள். நான் சோதிப்பதை வார்டில் பக்கத்தில் நின்று கவனித்தார்கள். "தப்பு நடந்தா யாரும்மா பொறுப்பு?" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். "எழுதினவதான் சார்" என்றேன், பெரிய வீராங்கனை மாதிரி. சென்ற மாதம் கடிதம் வந்தது. விழுங்கும் சோதனையும், வாய்வழி என்ன கொடுக்கலாம் என்ற உத்தரவும் இனி என் பெயரில், என் கையெழுத்தில். அம்மா அந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றினாள்.

இத்தனை கேட்டு வாங்கிய அதிகாரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? வேண்டாம், வேண்டாம் என்றே எழுதித் தள்ளினேன். லேசாகத் தொண்டையைக் கனைத்தால் வேண்டாம். கனைக்காவிட்டாலும் இன்னொரு நாள் பார்க்கலாம். விமலா சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னாம்மா, நீ வர்றன்னாலே வார்டுல தண்ணி பாட்டில ஒளிச்சி வெக்கிறாங்க." நானும் சிரித்தேன். ஜாக்கிரதையாக இருப்பது தப்பா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நேற்று தாமோதரன் ஐயாவைப் பார்த்தேன். அயனம்பாக்கத்துக்காரர், ஆவடியில் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஐந்து நாளாக மூக்கில் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. மூன்று ஸ்பூன் தண்ணீர் வைத்தேன். மூன்றும் சுத்தமாக இறங்கின. இருமல் இல்லை, குரல் தெளிவு. கெட்டியான கூழ் கொடுத்தேன், அதுவும் இறங்கியது. கொடுக்கலாம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை, நைனா. உன் கிண்ணம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. குழாய் தொடரட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவர் மனைவி கஸ்தூரியம்மா விடவில்லை. "இன்னாமா நீ, நல்லாத்தானே முழுங்கினாரு? ஒரு இருமலு வரலியே. அப்பறம் இன்னாத்துக்கு இந்தக் கொழா?" என்றார்.

"சேஃப்டிக்கும்மா" என்றேன். யாருடைய சேஃப்டி?

சாயங்காலம் நான் கிளம்பிய பிறகு ஐயா குழாயைப் பிடுங்கிவிட்டார். மூக்கில் ரத்தம். திரும்பப் போட்டு, மறுபடி பிடுங்காமலிருக்க நல்ல கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருக்கிறார்கள். நேற்று எழுதியது ராத்திரி தூங்கவிடாமல், இன்று காலை ஓடி வந்ததும் அதைத்தான் பார்த்தேன். அந்தக் கையைக் கட்டியது நர்ஸ் இல்லை, என் பேனா. உனக்கு நடந்ததற்கு, அப்போது எனக்கு எழுத உரிமை இல்லையென்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்லுவேன்?

சிஸ்டரிடம் கேட்டுக் கட்டை அவிழ்த்தேன். கஸ்தூரியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உடம்பு துடைத்து, சக்கரநாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைக்க எட்டு மணி ஆகும் என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சோதிக்க முடியும். அதுவரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாளில் அவர் நிலைமை மாறியிருந்தால்? இருமிவிட்டால்? இருமாமலே மூச்சுக்குழாயில் இறங்கி, நாளைக்குக் காய்ச்சல் வந்தால்? எழுதினவள்தான் பொறுப்பு என்று சொன்ன வாய்க்கு இப்போது எச்சில் விழுங்கவே கஷ்டமாக இருக்கிறது. சிரிக்காதே.

வார்டில் சக்கரநாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. போகிறேன். முதலில் கஸ்தூரியம்மாவிடம், நேற்று நான் எழுதியது தப்பு, பயத்தில் எழுதினேன் என்று சொல்லப் போகிறேன். அவர் திட்டினால் கேட்டுக்கொள்வேன். பிறகு ஸ்பூனை எடுப்பேன். ஐயா நேற்று மாதிரி விழுங்கினால், கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முதல் கிண்ணம் முடியும்வரை பக்கத்திலேயே நிற்பேன். இருமினால், வேண்டாம் என்று எழுதி, ஏன் என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்வேன்.

எதை எழுதினாலும் அவருடைய தொண்டையைப் பார்த்துத்தான் எழுதுவேன், நைனா. அவர் கட்டிலில் இனி உன்னைப் படுக்க வைக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் மூத்த பொண்ணு,
தேவி