கிணறு நிறைஞ்ச சேதி

பெருமாட்டி,
கார்த்திகை, 1978

ஏனுங்க,

ஊட்டுல எல்லாரும் சௌக்கியம். நேவியை விட்டுட்டுப் புதுசா ஆரம்பிச்ச கோஸ்ட் கார்டுக்குக் கமாண்டராப் போறப்ப, இனிமேல் கரையோரந்தான்னு சொல்லிச் சிரிச்சீங்க.

திங்கக்கிழமை ரேடியோவுல புயல்னாங்க, மீனவங்க யாரும் கடலுக்குப் போக வேண்டாம்னாங்க. வறண்டு கெடந்த நம்மூரே சந்தோசப்பட்டுச்சு. உங்கப்பா மழை வேணும்னு மாரியாத்தாளுக்குத் தேங்காய் உடைச்சாரு. நானும் ஒண்ணு உடைச்சேன், மழையே வேண்டாந்தாயின்னு. எல்லாரும் கரைக்குத் திரும்பறப்பத்தானே உங்க கப்பல் கிளம்பும்.

மழை கொட்டித் தீத்துருச்சுங்க. போன லீவுல நீங்க கூடவே நின்னு வெட்டவச்ச கிணறு தளும்புது. ஊரே வந்து பாத்துட்டுப் போகுது.

நான் இன்னும் எட்டிப் பாக்கலைங்க. ரெண்டு வரி எழுதிப் போடுங்க. படிச்சுட்டுப் போய்ப் பாக்கறேன்.

உங்க ஊட்டுக்காரி