ரிட்டர்ன் லோடுல வந்த தலையணை

அண்ணே,

இன்னிக்கு உச்சிப்புளி ரயில்வே கேட்ல நிக்கும்போது ஒங்க குட்டி யானை வண்டியப் பார்த்தேன். இப்ப ஒங்க மச்சினன் ஓட்டுறாரு. ஐஸ் தண்ணி சொட்டுற அதே மீன் வாசம். பின்னாடி காலி. கேட் தெறந்ததும் தடதடன்னு குதிச்சுக்கிட்டுப் போச்சு. லோடு இருந்தா அந்த வண்டி அப்புடிச் சத்தம் போடாது.

பாம்பன்ல இருந்து மதுரைக்கு மீன் ஏத்திட்டுப் போவீங்க. வரும்போது ஒண்ணும் இருக்காது. "போற டீசலுக்கு மீன் பதில் சொல்லும், வர்ற டீசலுக்கு நாந்தான சொல்லணும்"னீங்க. ஈஸ்டருக்குள்ள சரியா வரலன்னா வண்டிய வித்துட்டு, அடுத்தவன் மீன்புடி போட்டுல கூலிக்குப் போறதா இருந்தீங்க. நானோ கப்பல், லாரி, கண்டெய்னர்னு போன்ல வீடியோ பார்த்தே பைத்தியம் புடிச்சவ. "அண்ணே, ஒலகம் பூரா வண்டிக்காரவுகளுக்கு இதே பிரச்சனதான். ரிட்டர்ன் லோடு மட்டும் கெடைச்சிட்டா நீங்கதான் ராஜா"ன்னேன்.

"சரி, ராஜாவுக்கு ஒரு டீ சொல்லு ஆத்தா."

வாட்ஸ்அப் குரூப்ல தேடி மொத லோடு புடிச்சேன். ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜுக்குப் புதுத் தலையணை. சோப்பு, எலுமிச்சம்பழம், வேப்பிலைன்னு மூணு தடவ வண்டியக் கழுவுனீங்க. லாட்ஜ் மேனேஜர் ஒண்ண எடுத்து மோந்து பார்த்துட்டு, "உள்ள இருக்கது பஞ்சா, நெத்திலியா?"ன்னு கேட்டாரு. அம்புட்டும் திரும்ப மதுரைக்கே போச்சு.

நான் அழுதுட்டேன். நீங்க திட்டல. "மீன் வண்டின்னு சொல்லாமக் கேட்டதுதான் தப்பு. வாசம் அடிக்கும்னு சொல்லியே கேளு ஆத்தா. சரின்றவன் குடுக்கட்டும்."

அப்புடிக் கேட்டு வந்ததுதான் பிளாஸ்டிக் கொடம். கழுவுனா வாசம் போயிரும்ல. ஈஸ்டருக்கு மொத நாள், பச்சையும் செவப்புமா கொடத்த அடுக்கிக்கிட்டு, எங்க வீட்டு முன்னாடி ஹாரன் அடிச்சிட்டே போனீங்க. வண்டிய விக்கல. அதுக்கப்பறம் லோடோட வந்த ஒவ்வொரு தடவையும் அந்த ஹாரன்.

அடுத்த ஈஸ்டருக்கு நீங்கதான் இல்ல. நெஞ்சுவலின்னு படுத்தீங்க, அம்புட்டுத்தான். கொடக் கடைக்காரரு ஒங்க முகத்துக்காகக் குடுத்தவரு, நிப்பாட்டிட்டாரு. நானும் குரூப்ப விட்டு வெளிய வந்துட்டேன். யாருக்காகத் தேட?

இன்னிக்கு அந்தக் காலி வண்டிச் சத்தத்தக் கேட்டதும் மனசு கேக்கல. மறுபடி குரூப்ல சேந்து போட்டேன்: 'மதுரை டூ ராமேஸ்வரம். மீன் வண்டி. வாசம் அடிக்கும்.'

சாயங்காலமே ஒருத்தர் பக்கெட் லோடு இருக்குன்னாரு. மச்சினனுக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு எங்க வீட்டத் தாண்டும்போது வண்டி குதிக்காமப் போகும்.

ஹாரன் அடிக்கணும்னு அவருக்குத் தெரியாதுண்ணே. நானும் சொல்லல.