பிளாக்கியின் முன்னங்காலும் உன் பொய்யும்

இன்று காலை ஒரு நாயின் தோளில் வெட்டியெடுத்த சதைத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்ப ஃபார்மலின் பாட்டிலில் போட்டேன். மூடியைத் திருகுவதற்குள் நெடி ஏறிவிட்டது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. ஃபார்மலினுக்கு அழுவதற்கெல்லாம் காரணம் தேடக்கூடாது என்று நீ சொல்வாய். எனக்கு இன்று காரணம் இருந்தது. போன வாரம் உன் மகள் கிளினிக்குக்கு வந்துவிட்டுப் போனாள். அதை உன்னிடம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உன்னோடு சண்டையும் போட வேண்டும். இத்தனை வருஷமாகப் போடாத சண்டை.

அந்த நெடியில்தான் நாம் சிநேகமானோம். கால்நடைக் கல்லூரியில் நம் வகுப்பில் காஞ்சிபுரம் பக்கத்துப் பெண்கள் நாம் இருவர்தான். நீ தென்னேரி, நான் டவுன். உடற்கூறு வகுப்பில் மாட்டை முடித்துவிட்டு நாய்க்கு வந்தபோது நம் மேசைக்கு முன்னங்கால் வந்தது. மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தார்கள். நீ கத்தியை ஓரமாக வைத்துவிட்டு விரலை விட்டாய். தோலுக்கு அடியில் ஈரத் துணிபோல ஒட்டிக்கிடந்த வெள்ளைப் படலத்தைக் கிழிக்காமல் விலக்கி, ஒவ்வொரு தசையையும் அதன் உறையோடு தனித்தனியாகப் பிரித்தாய். பிறகு தோள்பட்டை எலும்புக்கு அடியில் கையை மணிக்கட்டு வரைக்கும் நுழைத்தாய்.

"இங்க கைய வுட்டுப் பாருடி. இந்தக் காலுக்கும் உடம்புக்கும் நடுவுல எலும்பே இல்ல. நமக்குக் கழுத்துக்குக் கீழ இருக்கற காறை எலும்பு இதுக்குப் பேருக்குத்தான். முழுக்கச் சதைதான் புடிச்சிக்கினு இருக்குது."

நானும் கையை விட்டேன். விலா எலும்புகளில் பல் பல்லாகத் தொடங்கி விசிறிபோல் குவிந்து தோள்பட்டையின் உள்பக்கத்தைப் பற்றியிருந்தது அந்தத் தசை. முன்னுடம்பின் பாரம் முழுக்க அதில்தான் தொங்குகிறது என்று நம்பவே முடியவில்லை. நான் கையை உருவிக்கொண்டேன். உனக்குப் பசித்தது. கையைக் கழுவிவிட்டு நேராக கேன்டீனுக்குப் போய் பரோட்டா தின்றாய். "கண்ணால பாக்கறதுக்கு முன்னாடி விரலால பாக்கணும்டி" என்று சொல்லிக்கொண்டே தின்றாய்.

சனிக்கிழமைகளில் ஒரே பஸ்ஸில் ஊருக்கு வருவோம். வாலாஜாபாத்தில் நீ இறங்கி தென்னேரிக்கு மாறிப் போவாய். அப்படி ஒரு சனிக்கிழமை ஜன்னல் பக்கம் பார்த்தபடியே உன் அம்மாவைப் பற்றிச் சொன்னாய். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது இறந்தவர். மார்பில் கட்டி.

"ரவிக்கைக்குள்ள துணிய வச்சி மறைச்சிக்கினே இருந்தாங்க. புண்ணாகி நாத்தம் வந்தப்புறந்தான் அப்பாவுக்கே தெரியும். ஜனங்க வாசல்லயே நின்னு விசாரிச்சிட்டுப் போனாங்க. ஊர்ல கேட்டா காமாலைன்னு சொல்லுவோம். நீயும் யாராவது கேட்டா காமாலைன்னே சொல்லு."

நானும் கேட்டவர்களிடமெல்லாம் காமாலை என்றே சொன்னேன்.

படிப்பு முடிந்து, இரண்டு பேருக்கும் கல்யாணமாகி, செவிலிமேட்டில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு எடுத்து நம் கிளினிக்கைத் தொடங்கினோம். ஊசி, மருந்து, பூனை, கோழி எல்லாம் என் பக்கம். அறுவை உன் பக்கம். உன் கை அப்படி. உன் வாயும் அப்படித்தான். கட்டியோடு வரும் நாயைத் தூக்கி வந்தவரை நீ சும்மா விட்டதே இல்லை. அதில் பிளாக்கி என்ற நாயை வளர்த்தவரை நீ வாட்டியெடுத்தது எனக்கு மறக்காது. ரிடையரான பஸ் கண்டக்டர். நாயின் முழங்கைக்கு மேலே எலுமிச்சை அளவில் இருந்த கட்டி தேங்காய் மூடி அளவுக்கு வளர்ந்த பிறகு கொண்டுவந்தார்.

"கொழுப்புதானே மேடம்? கருட சேவை முடியட்டும்னு இருந்தேன்."

"பெருமாள் காத்திருப்பாரு சார். கட்டி காத்திருக்குமா? தடவிக் குடுத்துக்கினு இருந்தீங்களே, பெருசாவுறது கைக்குத் தெரியல? பாத்தும் பாக்காத மாதிரி இருந்தா அது போயிடுமா?"

அந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கே பாவமாக இருந்தது.

ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்த்தோம். கொழுப்பு இல்லை. தசைகளுக்கு நடுவே இருக்கும் இணைப்புத் திசுவில் பிறந்த புற்று. வேர்விட்டு நாலாபக்கமும் போயிருந்தது. கட்டியை மட்டும் தோண்டினால் திரும்ப வரும், காலைத் தோள்பட்டையோடு எடுத்துவிட வேண்டும் என்றாய். கண்டக்டர் அழுதார். நீ அசையவில்லை.

அந்த அறுவையை இன்றைக்கும் ஒவ்வொரு அசைவாகச் சொல்ல முடியும் என்னால். ரம்பம் தேவைப்படவில்லை. அறுக்க எலும்பு இல்லையே. கழுத்திலிருந்து வரும் தசையை விலக்கி, முதுகுப் பக்கத்துத் தசைகளை அறுத்து, தோள்பட்டையைக் கதவுபோலத் திறந்தாய். உள்ளே அந்த விசிறித் தசை. அதை எலும்போரமாக விடுவித்தாய். அக்குளில் ஓடும் ரத்தக்குழாய்களைக் கட்டினாய். நரம்புக் கற்றையில் மரப்பு மருந்தை ஏற்றிவிட்டு வெட்டினாய். கடைசியாக மார்புத் தசை. கால் தனியாக என் கைக்கு வந்தது. எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

தையல் போடும்போதுதான் கவனித்தேன். உன் இடது கை உயரவில்லை. முழங்கையை உடம்போடு ஒட்டவைத்தே தைத்தாய்.

"இன்னாடி கை?"

"ஒண்ணுமில்ல. அக்குள்ல நெறி கட்டினாப்புல இருக்குது."

"எங்க, காட்டு."

"நீ மாட்டு டாக்டர், உன்கிட்ட எதுக்குக் காட்டணும்?" என்று சிரித்தாய். "அவரு கூட்டிக்கினு போயிக் காட்டிட்டாரு. ஸ்கேன்கூட எடுத்தாச்சி. வெறும் கொழுப்புக் கட்டிதானாம். வுடு."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டியாயிற்று என்றாயே. ஸ்கேன் என்றாயே. உன் வீட்டுக்காரர் உன்னைத் தாங்குகிறவர். காட்டியிருப்பார் என்று நம்பினேன். அதற்குப் பிறகும் இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் அதே பதில், அதே சிரிப்பு.

பிளாக்கி கட்டுப் பிரிக்கும் முன்பே மூன்று காலில் ஓடத் தொடங்கிவிட்டான். நீ இருமத் தொடங்கினாய். முதுகு வலி என்று நாற்காலியில் சாய்ந்தாய். ஒரு நாள் மருந்து பீரோவின் மேல்தட்டுக்கு எட்டும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டாய். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. மார்பு, அக்குள், முதுகெலும்பு, நுரையீரல். இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அங்கே இருந்த டாக்டர் கேட்டாராம். கண்டக்டரிடம் நீ கேட்ட அதே கேள்வி. நான் பார்க்க வந்தபோது நீ கண்ணை மூடிக்கொண்டாய். தூக்கமில்லை. இமை துடித்துக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்க்க உன்னால் முடியவில்லை. ஏன் என்று எனக்கு அன்று புரியவில்லை.

தென்னேரியில் உன்னை அடக்கம் செய்த அன்று புரிந்தது. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். ஏரிக் காற்றில் பூக்கள் பறந்தன. உன் வீட்டுக்காரர் என் எதிரில் வந்து நின்றார். கோபமாகக்கூட இல்லை. களைத்துப் போன குரல்.

"நீங்க டாக்டராச்சே மேடம். உங்கள நம்பித்தானே நாங்க சும்மா இருந்தோம். பாத்துட்டு வெறும் கொழுப்புக் கட்டின்னு சொன்னீங்களாமே?"

என்னிடம் அவர் பெயரைச் சொன்னாய். அவரிடம் என் பெயரைச் சொன்னாய். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். நடுவில் நீ கட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"நான் பாக்கவே இல்ல சார்," என்றேன். "நீங்க கூட்டிக்கினு போயிக் காட்டினதா எங்கிட்ட சொன்னா."

அவர் தலையசைத்து மறுத்தார். "அவ எங்கிட்ட பொய் சொல்ல மாட்டா மேடம்," என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார். நின்றிருந்த உன் சொந்தக்காரர்கள் எல்லோர் காதிலும் அது விழுந்தது. அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்வதை அவர் நம்பினால் உன்னை இன்னொரு முறை புதைக்க வேண்டியிருக்கும். அன்று அந்த மனிதருக்கு அதற்குத் தெம்பில்லை. அவராகத் தெளியும்போது தெளியட்டும் என்று விட்டேன். தெளியவில்லை. வாலாஜாபாத் கடைத்தெருவில் உன் அத்தை என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போனார். பாதிப் பேர் என் கிளினிக்கைத் தாண்டி வேறு டாக்டரிடம் போனார்கள். கூட இருந்தவளின் கட்டியையே கண்டுபிடிக்கத் தெரியாதவள் நாய்க்கு என்னத்தைப் பார்ப்பாள் என்று பேச்சு. கண்டக்டர் மட்டும் பிளாக்கியை அழைத்துக்கொண்டு தவறாமல் வந்தார். நல்ல வயசாகி, தூக்கத்தில் செத்தான் அவன்.

நீ ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியும். வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போன ஜனங்களை நீ மறக்கவில்லை. உன் அம்மாவுக்கு நடந்தது உனக்கும் நடக்கும் என்று பயந்தாய். பயந்து, உன் அம்மா செய்ததையே செய்தாய். அவர் படிக்காதவர், துணியை வைத்து மறைத்தார். நீ படித்தவள், என்னை வைத்து மறைத்தாய். காரணம் புரிகிறது. ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

போன வாரத்துக்கு வருகிறேன். பிளஸ் ஒன் படிக்கிறாளாம் உன் மகள். யூனிஃபார்மில், தெருநாய்க் குட்டி ஒன்றைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்தாள். பைக் இடித்திருக்கிறது. பக்கத்தில் வேறு கிளினிக் திறந்திருக்கவில்லை, அதனால்தான் வந்தாள். முன்னங்காலை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தேன். பாதத்தைக் கிள்ளியதும் இழுத்துக்கொண்டது. நரம்பு பிழைத்திருந்தது.

"எலும்பு முறியலம்மா. தோள்ல சதைதான் கன்னிப்போயிருக்குது. கொஞ்ச நாள் நொண்டும், சரியாப் பூடும்."

அவள் குட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஆன்ட்டி, எங்கம்மாவுக்கும் நீங்க இப்படித்தானே பாத்து சரியாப் பூடும்னு சொன்னீங்க?"

பேசாமல் இருந்திருக்கலாம். அவள் அப்பாவிடம் அதற்குமேல் பேசாமல்தானே இருந்தேன். ஆனால் உன் அம்மா, நீ, அடுத்து இந்தப் பெண். அவளுடைய ரத்தத்தில் என்ன இருக்கிறதோ. வாயை மூடிக்கொண்டிருந்தால் மறைக்கத் துணியை எடுத்து நீட்டியவள் ஆவேன் நானும்.

"நான் பாக்கல. உங்கம்மா யாருக்கும் காட்டல. எங்கிட்ட அப்பா பேரச் சொன்னா, அப்பாகிட்ட எம் பேரச் சொன்னா. உங்கம்மாவோட அம்மாவுக்கு இன்னா வந்துச்சின்னு தெரியுமா உனக்கு?"

"ஆயாவுக்குக் காமாலை."

"காமாலை இல்ல. அவங்களுக்கும் இதேதான். அதனால நீ பயப்படாத, ஆனா மறைக்காத. இப்பவே ஒரு லேடி டாக்டர்கிட்ட குடும்பத்துல இப்பிடி இருக்குதுன்னு சொல்லி வை. எந்த வயசுலயிருந்து செக்கப் பண்ணணும்னு அவங்க சொல்லுவாங்க. கைக்கு ஏதாச்சும் தட்டுச்சின்னா அன்னிக்கே போவணும். யாரும் கூட வரலன்னா எங்கிட்ட வா."

அவள் முகம் வெளுத்தது. குட்டியை வாரி எடுத்தாள். வாசலில் திரும்பி நின்றாள்.

"எங்கம்மா செத்தது போதாதா? பொய்க்காரின்னும் சொல்லணுமா உங்களுக்கு?"

சாயங்காலம் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். இனிமேல் என் பெண்ணோடு பேச வேண்டாம் மேடம் என்றார். சரி என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. அவள் நம்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டாள். என்றைக்காவது குளிக்கும்போது கைக்கு ஏதாவது தட்டினால், என்மேல் இருக்கும் வெறுப்போடாவது அது அவளுக்கு ஞாபகம் வரும்.

உன் பெண்ணிடமே உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நாளைக்கே அவள் மறுபடி வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன். உனக்காக நான் அழுதது கொஞ்சம்தான். கோபம்தான் எப்போதும். அது ஆறிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆற வேண்டாம். நீ செய்துவிட்டுப் போன காரியத்துக்கு, நாம் பழகிய பழக்கத்துக்கு, என்னிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் நீ முழுசாகப் போய்விடுவாய்.